ஹோல் சுவரில் மூன்று பெண்கள்

மார்ச் 8, சனி

இன்று ஒரு படம் வாங்கினேன்.

காலையில் கேத்ரின் காரோடு வந்து ஹோர்ன் அடித்தாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் என்னோடு வேலை செய்தவள், மலேசியாக்காரி. சனிக்கிழமை என்றால் யார் வீட்டில் பழைய சாமான் விற்கிறார்கள் என்று தேடிப் போகாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. பென்டில் ஹில்லில் ஒரு வீடு. அங்கே தனியாக இருந்த வெள்ளைக்காரக் கிழவி இறந்துபோக, பெறாமகள், தங்கச்சியின் மகளாம், எல்லாவற்றையும் புல்லில் பரப்பி வைத்திருந்தாள். கேத்ரின் கோப்பைகளைக் கிளறிக்கொண்டிருந்தாள். நான் சும்மா வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். சுவரில் அது தொங்கியது.

எண்ணெய் வர்ணம். விக்டோரியா ராணி காலத்துப் படம். பெரிய ஆள் யாரும் வரைந்ததில்லை, கையெழுத்தும் இல்லை என்று அந்தப் பெண் முதலிலேயே சொல்லிவிட்டாள். அந்தக் காலத்துப் பணக்கார வீட்டின் ஹோல். ஒருத்தி பச்சை செற்றியில் அரைவாசி படுத்திருக்கிறாள், புத்தகம் மடியில் கவிழ்ந்து கிடக்கிறது. ஒருத்தி பியானோவுக்கு முன்னால் இருக்கிறாள். ஆனால் வாசிக்கவில்லை, திரும்பிக் கதைத்துக்கொண்டிருக்கிறாள். வயது போன ஒருத்தி நெருப்புக்குப் பக்கத்தில் நல்ல நித்திரை. தையல் கையை விட்டு நழுவி, நூல் உருண்டையைப் பூனை உருட்டுகிறது.

மூன்று பேரும் ஒரு வேலையும் செய்யவில்லை. மூன்று பேருக்கும் அதைப்பற்றி ஒரு வெட்கமும் இல்லை.

நான் நின்றுவிட்டேன். "என்னக்கா, இப்படிப் பார்க்கிறீங்க, சொந்தக்காரங்களா?" என்று கேத்ரின் பின்னால் வந்து கேட்டாள்.

இவர் போய் இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. ஆட்டைத்திவசம் முடியும் வரை வீட்டுக்குப் புதிதாக ஒன்றும் வாங்கக் கூடாது. அதிலும் இது செத்த வீட்டுச் சாமான். எல்லாம் தெரியும். தெரிந்துதான் வாங்கினேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஆணி அடித்தாயிற்று. இரண்டு ஜன்னலுக்கும் நடுவே உள்ள சுவரில். அங்கே வெயில் நேரே படாது, நிறம் போகாது என்று கேத்ரின் சொன்னாள்.

அந்த இடத்தில்தான் இவருடைய ரீவி இருந்தது. அதை என் அறைக்குள் தள்ளிவிட்டேன். செற்றியை இழுத்துப் படத்துக்கு நேரே போட்டேன். இப்போது அதில் உட்கார்ந்து இருந்தால் முதுகு சமைக்கிற குசினிக்கு, முகம் படத்துக்கு. எங்கள் ஹோலுக்கும் குசினிக்கும் நடுவே சுவர் கிடையாது, பெரிய திறந்த வாசல்தான். இவ்வளவு காலமும் நான் அந்த வாசலுக்கு அந்தப் பக்கம் நின்று இந்தப் பக்கத்தைப் பார்த்தவள். இவருடைய சிநேகிதர்கள் வருவார்கள், சீட்டு விளையாடுவார்கள், அரசியல் கதைப்பார்கள். நான் தட்டோடு வந்து, வைத்துவிட்டு, போவேன். எனக்குக் குசினியில் குந்தியிருக்க ஒரு ஸ்ரூல் இருந்தது.

இவர் கெட்டவர் இல்லை. அதையும் எழுதி வைக்கத்தான் வேண்டும். கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. ஆனால் ஒரு நாளும் குசினிக்குள் கால் வைத்ததில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் இருந்த இடத்திலிருந்து "இஞ்சாரும்" என்பார்.

மார்ச் 10, திங்கள்

செற்றியில் சும்மா இருந்து பார்த்தேன். முடியவில்லை. பைப்பை மூடினேனா என்று ஒருக்கா எழும்பினேன். பருப்பு ஊறப்போட்டேனா என்று ஒருக்கா. யாரும் கூப்பிடாமலே ஒருக்கா.

மார்ச் 19, புதன்

யோகா மச்சாள் பிளாக்டவுனிலிருந்து வந்தார். இவருடைய அக்கா. அவரும் கைம்பெண்தான், மகளோடு இருக்கிறார். அந்த வீட்டில் சமையல், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்குவது எல்லாம் அவர்தான்.

வந்ததும் படத்தைக் கண்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இது ஆர்?"

ஆருமில்லை, படம் என்றேன். எங்கே வாங்கினேன் என்று கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. செத்த வீட்டிலிருந்து, அதுவும் முன்பின் தெரியாத வெள்ளைக்காரியின் செத்த வீட்டிலிருந்து, அதுவும் இந்த வருஷத்துக்குள்ளே! தன் தம்பியின் ரீவி எங்கே என்று கேட்டபோது அவருடைய குரல் உடைந்துவிட்டது. அது மட்டும் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். குசினியில் நின்றபடியே குடித்தார். "ஹோலிலை இருங்கோவன் மச்சாள்" என்றேன். அங்கே இருக்கத் தனக்கு மனமில்லை என்றார். மனமிருந்த காலத்திலும் அவர் இருந்து நான் கண்டதில்லை.

மார்ச் 23, ஞாயிறு

மகன் கீர்த்தனன் மெல்பேர்னிலிருந்து போன் எடுத்தான். கிளேட்டனில் வீடு, நல்ல வேலை, நல்ல பிள்ளை. அவனுடைய மாமி, யோகா மச்சாள், எல்லாம் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. முதலில் என் பிரஷரைக் கேட்டான், பிறகு முழங்காலைக் கேட்டான், மூன்றாவதாகப் படத்தைக் கேட்டான். "அம்மா, ஆர் யூ ஓகே?" என்றான்.

படம் வாங்கினால் ஓகே இல்லை. குசினியில் ஸ்ரூலில் இருந்தபோது ஒருவரும் இதைக் கேட்கவில்லையே.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. எங்களுக்கு இந்த வருஷம் இல்லை. கைவிசேஷக் காசு இல்லை, பொங்கல் இல்லை, கோயில் இல்லை.

கேத்ரின் கேக் கொண்டுவந்தாள். செற்றியில் இருந்து சாப்பிட்டோம். கோப்பையும் தட்டும் மாலை வரை கழுவாமல் கிடந்தன. அதனால் ஒருவரும் செத்துப்போகவில்லை.

மே 18, ஞாயிறு

திவசம் ஜூன் இருபத்தெட்டாம் திகதி என்று ஐயர் குறித்துக் கொடுத்துவிட்டார். கூடவே ஒரு வில்லங்கம்.

இவருடைய படத்தைப் பெரிதாக்கித் திவசத்தன்று மாட்ட வேண்டும் என்று கீர்த்தனன் ஆசைப்படுகிறான். நியாயமான ஆசை. எங்கே மாட்டுவது என்று மச்சாள் ஐயரைக் கேட்டிருக்கிறார். வீட்டின் தெற்குச் சுவரில், முகம் வடக்கே பார்க்க, என்று ஐயர் சொல்லியிருக்கிறார். போனவர்களின் திசை தெற்குத்தானே.

பின்னேரம் மச்சாள் நேரிலேயே வந்து ஹோல் நடுவே நின்றார். ஜன்னலால் வெயில் வந்து நிலத்தில் கிடந்தது. "வெயில் வாற பக்கம் தெற்கு. ஊரிலை மார்கழி வெயில் எந்தப் பக்கத்தாலை வந்தது?" என்று கேட்டார். தெற்காலேதான் வந்தது. எங்கள் ஊர் வீட்டிலும் குளிர்காலத்தில் தெற்கு ஜன்னலுக்குத்தான் திரை போடுவோம். ஆகவே வெயில் வருகிற சுவர் தெற்குச் சுவர். ஆகவே என் படம் தொங்குகிற சுவர்.

எனக்கும் சரியென்றுதான் பட்டது. சரியாகப் பட்டதுதான் பயமாக இருந்தது.

ஜூன் 1, ஞாயிறு

சண்டை. எழுதாமல் படுத்தால் நித்திரை வராது.

மச்சாள் சாமான் பட்டியல் எழுத என்று வந்தார். வாழைக்காய், எள்ளு, தர்ப்பை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, படத்தை எப்போது கழற்றப் போகிறீர் என்றார். கழற்ற மாட்டேன் என்றேன். இரண்டு மாதத்துக்கு மேலாகச் சுற்றி வளைத்ததை இன்று நேரே சொல்லிவிட்டேன். தம்பிக்கு ஒரு சுவர் கொடுக்க மனமில்லையோ என்று கேட்டார். வேறு எந்தச் சுவர் என்றாலும் தருகிறேன் என்றேன். ஐயர் சொன்னது தெற்குச் சுவர் என்றார்.

பிறகு கிட்டப் போய்ப் படத்தைப் பார்த்தார். இத்தனை நாளும் அவர் அதைக் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. விரலை நீட்டினார்.

"நீர் இந்தப் படுத்திருக்கிறவளைப் பாத்துக்கொண்டு இருக்கிறீர். உம்முடைய ஆள் அங்கை நிக்கிறாள், பாரும்."

பியானோவுக்குப் பின்னால் கதவு அரைவாசி திறந்திருக்கிறது. அந்த இருட்டில் ஒரு வெள்ளைத் தொப்பி, ஒரு கை, கையில் ஒரு தட்டு. வேலைக்காரி. நான் மாதக் கணக்காகப் பார்த்த படம்! எனக்குத் தெரியவில்லை. மச்சாளின் கண் வேலை செய்கிறவளை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டது.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. "ஓம் மச்சாள், அது நான்தான். அங்கை நிண்டது காணும், இனி நிக்க மாட்டன்" என்றேன்.

அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது போயிட்டு வாறன் என்று சொல்லவில்லை.

ஜூன் 2, திங்கள்

தட்டில் இருப்பது தேத்தண்ணி. எங்கள் நாட்டு மலையில் பறித்ததாகக்கூட இருக்கும். யாரோ பறித்து, யாரோ ஊற்றியதைத் தூக்கிக்கொண்டு இவள் கதவடியில் நிற்கிறாள். இந்த மூன்று பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

படத்தின் மேல் கோபம் வந்தது. கழற்றிவிடுவோமா என்று கையும் வைத்தேன்.

கழற்றவில்லை. சும்மா இருப்பதில் பிழை இல்லை. ஒருத்தி நிற்க மற்றவர்கள் இருப்பதுதான் பிழை. இந்த வீட்டில் இனி யாரும் நிற்க வேண்டாம்.

ஜூன் 5, வியாழன்

இவருடைய கறுத்தக் கோட்டை எடுத்து மடித்தேன். பொக்கெற்றில் இருமல் இனிப்பு. அழுதேன், நன்றாகவே அழுதேன். என்னை ஏன் ஒரு நாளும் கிட்ட வந்து இரும் என்று கூப்பிடவில்லை என்று அந்தக் கோட்டிடம் கேட்டேன். கேட்க வேண்டிய ஆளிடம் கேட்காமல் விட்டது என் பங்கு.

அழுது முடித்து, முகம் கழுவி, ஹோலில் வந்து இருந்தேன். எழும்பாமல் கொஞ்ச நேரம் இருக்க முடிந்தது.

ஜூன் 17, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுதுவது. சிரிப்பாக வருகிறது.

கூரையில் இவர் போட்ட சோலார் தகடுகளைப் பார்க்க ஆள் வந்தது. தாடிக்காரர், வயதானவர், ஏணியில் ஏறும்போது மூச்சு வாங்கியது. இறங்கி வந்து, பக்கத்து வீட்டு மரம் வளர்ந்து உங்கள் வடக்குப் பக்கத் தகடுகளுக்கு நிழல் விழுகிறது, கிளையை வெட்டச் சொல்லுங்கள் என்றார். வடக்கில் ஏது தகடு, இருப்பதெல்லாம் ஹோல் பக்கக் கூரையில்தானே என்றேன். அதுதான் வடக்கு என்றார். இல்லை, அது தெற்கு என்றேன். மனிதர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். இது பூமியின் கீழ்ப்பாதி, இந்த நாட்டில் வெயில் எப்போதும் வடக்கால்தான் வரும், சோலார் போடுகிறவர்கள் எல்லோரும் முதலில் வடக்கைத்தான் தேடுவார்கள் என்றார்.

அவர் போன பிறகு குசினிக்குள் போய் நின்றேன். வருஷம் முழுவதும் வெயில் படாத குசினி. ஆனி ஆடியில் நிலம் பனிக்கட்டி. இந்தக் குசினிக்கு ஏன் வெயில் வருவதில்லை என்று இவரிடம் ஒருமுறை கேட்டிருக்கிறேன். "லைற்றைப் போடுமன்" என்றார். தகடு போட்டபோது கூடவே நின்றவர், அவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். எனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

நாங்கள் ஊரைவிட்டு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சூரியனை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

ஜூன் 18, புதன்

சந்தேகம் தீரவேண்டும் என்று விடிய எழும்பி வெளியே வளவில் போய் நின்றேன். குளிர் பிடரியில் ஏறியது. சூரியன் கிளம்பும் பக்கம் பார்த்து நின்று, இரண்டு கையையும் விரித்தேன். சின்ன வகுப்பில் படித்தது, முகம் கிழக்கு, வலக்கை தெற்கு. வலக்கை நேரே குசினிச் சுவரைக் காட்டியது. வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரர் குட் மோர்னிங் சொன்னார். கையை இறக்காமலே நானும் சொன்னேன்.

போனிலும் பார்த்தேன். போனும் அதையேதான் சொல்கிறது.

மச்சாளுக்கு எடுத்துச் சொல்லவா? வேண்டாம். கழற்ற மாட்டேன் என்று நான் சொன்னது திசை தெரியாமல் சொன்னது. அது அப்படியே நிற்கட்டும். திசை பார்த்து வென்றதாக இருக்கக் கூடாது.

ஜூன் 27, வெள்ளி

கீர்த்தனன் வந்துவிட்டான். இவருடைய படத்தைப் பெரிதாக்கி, தங்க நிறச் சட்டம் போட்டு, துணியில் சுற்றித் தானே தூக்கிக்கொண்டு வந்தான். பிரித்துக் காட்டினான். இவர் சிரிக்கிற படம். இவர் சிரித்து எடுத்த படம் இது ஒன்றுதான். எனக்கும் கண் கலங்கியது.

மச்சாளும் வந்திருந்தார். என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கீர்த்தனன் கராஜிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு ஹோலுக்கு வந்தான். நான் செற்றியிலிருந்து எழும்பவில்லை.

"சுத்தியலைக் கீழை வை, அப்பன். அந்தப் படத்தை நான் கழட்ட விடமாட்டன்."

"அம்மா, நாளைக்கு இவ்வளவு சனம் வருகுது. அப்பாக்கு இந்த வீட்டிலை ஒரு இடம் இல்லையோ?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. அழுகிற மாதிரிக் கேட்டான். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லுவது லேசாக இருந்திருக்கும்.

"அப்பாக்கு இந்த வீடு முழுக்க இடம் இருந்தது. எனக்கு அந்த ஒரு சுவர்."

மச்சாள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீர்த்தனன் சுத்தியலை மேசையில் வைத்தான். வைத்த பிறகுதான் சொன்னேன், போனை எடுத்து எது தெற்கு என்று பார் என்று.

பார்த்தான். போனை ஒருக்காத் திருப்பினான். தானும் ஒருக்காத் திரும்பினான். நடந்தான். குசினிக்குள் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றான். இன்ஜினியர். பிறகு அங்கே நின்றே சிரிக்கத் தொடங்கினான். "ஓ மை கோட், மாமி. வெயில் இஞ்சை நோர்த்தாலை அல்லோ வாறது!"

மச்சாள் நம்பவில்லை. போன் பிழைக்கும் என்றார். குசினியில் மாட்டுவது என்ன முறை என்றார். நாளைக்கு ஐயரைக் கேட்போம் என்று முடித்தோம்.

ஜூன் 28, சனி

திவசம் குறையில்லாமல் நடந்தது. கீர்த்தனன் ஐயர் சொன்னபடி எள்ளும் தண்ணீரும் இறைத்தான், ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

வந்த சனம் முழுவதும் என் படத்தைப் பார்த்தது. ஒரு அன்ரி, இது நீங்கள் வேலை செய்த இடத்து முதலாளி அம்மாவோ, கும்பிடவோ என்று கேட்டார். கும்பிடத் தேவையில்லை, பக்கத்தில் இருங்கோ என்றேன். அவர் இருந்தார். பிறகு இன்னும் இரண்டு பேர் வந்து இருந்தார்கள்.

ஐயருக்கு அடுத்த வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டது. மச்சாள் விடவில்லை, குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார். ஐயர் தன் போனை எடுத்துப் பார்த்தார். அடுப்புக்கு மேலே வேண்டாம், புகை படும், தள்ளி மாட்டுங்கோ, மற்றப்படி தெற்குச் சுவர் என்றால் தெற்குச் சுவர்தான் என்றார்.

தேயிலை, சீனி வைக்கிற சுவர்த் தட்டுக்கு மேலே கீர்த்தனன் ஆணி அடித்தான். இவர் குசினிக்குள் வந்துவிட்டார். அங்கே இருந்து பார்த்தால் நேரே ஹோல் தெரியும். செற்றியும் தெரியும், அதில் யார் இருக்கிறார்கள் என்பதும் தெரியும். நன்றாகப் பார்க்கட்டும்.

ஜூன் 29, ஞாயிறு

சனம் போய்விட்டது. மச்சாள் மட்டும் நின்றார், பாத்திரம் கழுவ வேண்டுமாம்.

மத்தியானம் வடக்கு வெயில் ஜன்னலால் வந்து செற்றி முழுவதும் பரவியது. நான் இருந்தேன். மச்சாள் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றார். இருங்கோ என்றேன். கதிரையின் நுனியில் இருந்தார். படத்தைப் பார்த்தார். அந்தக் கிழவிக்குக் கழுத்துப் பிடிக்கப் போகுது, ஆரும் ஒரு தலகாணி வைக்கவில்லையே என்றார். பிறகு சத்தத்தைக் காணோம். திரும்பிப் பார்த்தால் வாய் திறந்தபடி நல்ல நித்திரை. ஒரு தலகாணி எடுத்து அவர் கழுத்துக்கு வைத்துவிட்டு, வந்து திரும்பவும் இருந்தேன்.

குசினியில் கேத்தில் கொதிக்கிற சத்தம். தேயிலை எங்கே என்று கீர்த்தனன் கேட்டான். "அப்பாவுக்குக் கீழை" என்றேன்.

தட்டோடு வந்து, எனக்கும் மாமிக்கும் வைத்துவிட்டு, வாசலடியில் போய் நின்றான். அங்கே நிற்காமல் தனக்கும் ஒன்று ஊற்றிக்கொண்டு வந்து இருக்கச் சொன்னேன். போய் ஊற்றிக்கொண்டு வந்தான். செற்றியின் மற்றக் கரையில் இருந்தான்.

பால் காணாது, சீனி கூடிப்போயிற்று. நான் எழும்பவில்லை.